பானை வேற, கடை வேற

"அந்தக் காலத்துல கிராமத்துல காட்டுப் பழத்துலயே ஒயின் போடுவாங்களாமே, செய்முறை தெரியுமா?" பட்டணத்துல இருந்து வர்ற சிநேகிதர்கள் பல பேர் இதைக் கேட்டுட்டாங்க. இயற்கை விவசாயம், நாட்டுச் சர்க்கரை, செக்கு எண்ணெய் வரிசையில இப்ப நாட்டு ஒயினும் சேர்ந்துடுச்சு போல.

போட்டிருக்காங்க. ஆனா அதுக்கு ஒயின்னு பேர் இல்லை. எங்க பக்கம் 'ஊறல்'னு சொல்லுவாங்க. இன்னைக்கு அந்த வார்த்தையைப் பேப்பர்ல 'சாராய ஊறல் அழிப்பு'ங்கிற செய்தியில மட்டும்தான் பார்க்கிறோம். தமிழ்நாட்டுல வீட்டுல மது தயாரிக்கிறது குற்றம். அதனால செய்முறைக்குப் பதிலா, அந்தப் பானை எப்படி வந்துது, எப்படிப் போச்சுங்கிற கதையைச் சொல்றேன். எனக்கு அதுதான் முக்கியமாவும் படுது.

முதல்ல பானைக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடுவோம். பழுத்த பழத்தோட தோல்ல ஈஸ்ட்டுங்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் உட்கார்ந்திருக்கு. பழம் நசுங்கினதும் அது சாறுக்குள்ள இறங்கி, இனிப்பைத் தின்னு ஆல்கஹாலாவும் கரியமில வாயுவாவும் மாத்துது. நுரை பொங்குறது அந்த வாயுவாலதான். மனுஷன் கை வைக்கணும்னு ஒண்ணும் இல்லை. இனிப்பு தீர்ந்தா ஈஸ்ட்டு வேலையை நிறுத்திக்கும். இனிப்பு எவ்வளவு இருந்தாலும் ஆல்கஹால் ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தொடும்போது அதுலயே ஈஸ்ட்டு செத்துப் போகும். அதுக்கு மேல காரம் வேணும்னா அடுப்புல வச்சுக் காய்ச்சி வடிக்கணும். அது சாராயம். ஊறினது ஒண்ணு, வடிச்சது ஒண்ணு. இந்த வித்தியாசத்தை மட்டும் மனசுல வச்சுக்குங்க, பின்னால வேணும்.

ஊறினதை அப்படியே காத்துப் படும்படி விட்டா இன்னொரு நுண்ணுயிர் வந்து அதைப் புளிப்பாக்கிடும். அதுதான் காடி. நீங்க வினிகர்னு சொல்றது.

என் ஆயா 1925 வாக்குல பிறந்தவள். எங்க ஊரு சேலம் ஜில்லா மலையடிவாரம். ஆனி, ஆடியில ஏரிக்கரை நாவல் மரமெல்லாம் உதிர ஆரம்பிக்கும். நல்ல பழத்தைப் பிள்ளைங்க தின்னுடும். அடிபட்டு நசுங்கினதையும் ரொம்பக் கனிஞ்சதையும் ஆயாவோட அம்மா கூடையில அள்ளிட்டு வருவாங்களாம். கழுவ மாட்டாங்க. தூசியை ஊதிட்டு அகல வாய்ப் பானையில போட்டு, கையால பிசைஞ்சு, ஒரு உருண்டை வெல்லத்தைத் தட்டிப் போடுவாங்க. நாவல்ல தண்ணிச் சத்து அதிகம், இனிப்பு கம்மி. வெல்லம் இல்லைன்னா ஊறல் நிக்காது, நேரா புளிச்சுடும். வாயைத் துணியால கட்டி, அடுப்பங்கரை மூலையில உமிக்குள்ள பாதி புதைச்சு வைப்பாங்க. ரெண்டாம் நாள் காது வச்சா பானை பேசும்னு ஆயா சொல்லுவா. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ துணியில வடிகட்டினா நாலு சொம்பு தேறும். வயித்து வலிக்கு ஒரு மடக்கு, பிள்ளை பெத்தவளுக்கு ஒரு மடக்கு, நடவு முடிஞ்ச அன்னைக்கு ஆளுக்கு அரைச் சொம்பு. மிச்சம் காடி ஆயிடும், ஊறுகாய்க்குப் போகும்.

இலந்தைப் பழத்துலயும் இதே கதைதான். களாக்காயிலயும் போட்டாங்களாம், ஆனா அது வாயில வைக்க விளங்காதுன்னு ஆயா முகத்தைச் சுளிப்பா. ஈச்சம்பழத்துல சதை எங்க இருக்கு, கொட்டைதானே! வருஷத்துல மொத்தமா ரெண்டு மூணு தடவைதான் பானை ஏறும். பழம் இருக்கும்போதுதான் ஊறல். தினம் குடிக்கணும்னு நினைச்சாலும் முடியாது. இதுல இன்னொரு விஷயம், இது முழுக்கப் பொம்பளைங்க வேலை. எவ்வளவு போடணும், யாருக்கு எவ்வளவு ஊத்தணும்னு முடிவு பண்றது அடுப்பங்கரையில இருந்தவங்க.

இது எவ்வளவு பழைய சங்கதின்னு தேடிப் படிச்சேன். நான் பத்தாவதோட நின்னவன்தான். ஆனா சங்கப் பாட்டுக்கெல்லாம் இப்ப எளிமையான உரை கிடைக்குது, பொறுமையா உட்கார்ந்தா புரியுது. அகநானூறு இரண்டாம் பாட்டு, கபிலர் பாடினது. மலைச்சாரல்ல வாழைத்தார் பழுத்துக் கிடக்குது, பக்கத்துல பலாவும் பழுத்துச் சுளை விழுது. எல்லாம் பாறைச் சுனையில சேர்ந்து ஊறித் தேறல் ஆயிடுது. தண்ணின்னு நினைச்சு ஒரு ஆண் குரங்கு அதைக் குடிச்சுடுது. அப்புறம் பக்கத்துல இருக்கிற, மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரத்துல ஏறப் பார்த்தா முடியலை. கீழ உதிர்ந்து கிடக்கிற பூ மேலயே படுத்து சந்தோஷமா தூங்கிடுது. இதைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் சிரிச்சேன். நம்ம இலக்கியத்துல காட்டுப்பழ ஒயின் குடிச்சவன் ஒரு குரங்கு. தயாரிச்சது மலை.

தேறல்ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தேறுதல்னா தெளியுறது. வண்டல் அடியில தங்க, மேல தெளிஞ்சு நிக்கிறது தேறல். ஊறலைக் கலக்காம மேலாக்க இறுத்து எடுக்கிறவங்களுக்குத்தான் இப்படி ஒரு பேர் தோணும். தேனை மூங்கில் குழாய்க்குள்ள அடைச்சு முதிர வச்ச தேறலைப் பத்தியும் சங்கப் பாட்டுல வருது. அதுவும் மலைக்காரங்க சமாச்சாரம்.

சமவெளியில அரிசி. பெரும்பாணாற்றுப்படையில தோப்பின்னு ஒண்ணு வருது, வீட்டுல செய்யுற அரிசிக் கள். குத்தாத அரிசியைக் களியாக்கி, அகலமான தட்டுல ஆறவிட்டு, முளைகட்டின நெல்லை இடிச்சுக் கலந்து, சாடியில ரெண்டு பகலும் ரெண்டு ராத்திரியும் வச்சு, விரலால அலசிப் பிழிஞ்சு எடுக்கிறாங்க. முளைகட்டின நெல் எதுக்குன்னு கேட்டீங்கன்னா, அரிசியில இருக்கிறது மாவு. ஈஸ்ட்டுக்கு மாவு ஆகாது, இனிப்புதான் வேணும். முளைவிடுற தானியம் மாவை இனிப்பாக்கும். இந்தக் காலத்துல பீர் ஆலையில வாற்கோதுமையை முளைகட்டுறதும் இதுக்குத்தான். பழத்துக்கு இந்தச் சிரமம் எல்லாம் இல்லை, இனிப்பு தயாரா இருக்கு. அதனாலதான் எனக்குத் தோணுது, மனுஷன் முதல்ல குடிச்சது பழ ஊறலாத்தான் இருக்கணும். அதையும் குரங்குகிட்ட இருந்துதான் கத்திருக்கணும்.

குடியைத் திட்டினவங்களும் அன்னைக்கே இருந்தாங்க. திருக்குறள்ல கள்ளுண்ணாமைக்கு ஒரு அதிகாரமே இருக்கு. வரி போட்டவங்களும் இருந்தாங்க. பல்லவர், சோழர் செப்பேடுகள்ல ஈழம்பூட்சின்னு ஒரு வரி வருது, கள் இறக்குறவங்க மேல விதிச்சது. மரம் ஊர் நடுவுல நிக்குது, எண்ணலாம், வரி கேட்கலாம். அடுப்பங்கரைப் பானையை எந்த ராஜா எண்ணுவான்?

வடக்க கௌடில்யர் எழுதின அர்த்தசாஸ்திரத்துல மதுவுக்குன்னே ஒரு அதிகாரியும் ஒரு தனி அத்தியாயமும் உண்டு. ஏறக்குறைய 2000 வருஷப் பழசு. அதுல ஆசவம்ங்கிற மதுவுக்கு விளாம்பழமும் சர்க்கரைப்பாகும் தேனும் சேர்த்த அளவே கொடுத்திருக்கு. நம்ம விளாம்பழம்தான். பெரிய கண்டிப்பான ஆளு அவரு, கடை எங்க இருக்கணும், யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு எல்லாம் சட்டம் போட்டவரு. அவரே ஒரு இடத்துல கதவைத் திறந்து விடுறாரு. விசேஷ நாட்கள்ல குடும்பத்துக்காரங்க வீட்டுலயே மது தயாரிச்சுக்கலாம், நோய்க்கு வேணும்னா அரிஷ்டம் போட்டுக்கலாம், திருவிழாவுக்கும் யாத்திரைக்கும் நாலு நாள் அனுமதின்னு இருக்கு. அதாவது, வியாபாரம் ராஜாவோடது, வீட்டுப் பானை வீட்டுக்காரங்களோடது. இந்த ஏற்பாடு ஆயா சொன்ன நடவுநாள் அரைச் சொம்போட எவ்வளவு ஒத்துப்போகுது பாருங்க.

இதை உடைச்சது வெள்ளைக்காரன் கஜானா.

கம்பெனி காலத்துலயே சாராயம், கள் விக்கிற உரிமையைக் குத்தகை ஏலம் விட ஆரம்பிச்சாங்க. அதிகமா ஏலம் கேட்டவனுக்கு ஜில்லா. அவன் போட்ட பணத்தை எடுக்கணும்னா நிறைய பேர் குடிக்கணும், அதுவும் அவன்கிட்ட வாங்கிக் குடிக்கணும். 1886ல மதராஸ் அப்காரி சட்டம் வந்துது. உரிமம் இல்லாம யாரும் எந்த மதுவும் தயாரிக்கக் கூடாது. கள் இறக்குற மரத்துக்கு மரவரி, மரத்துல நம்பர். சாராயம்னா கரும்பு ஆலையை ஒட்டி நெல்லிக்குப்பம் மாதிரி இடத்துல இருந்த பெரிய வடிசாலையில இருந்துதான் வரணும். இதுல 'தயாரிப்பு'ங்கிற வார்த்தைக்கு அந்தச் சட்டம் கொடுத்த விளக்கத்தைப் படிச்சப்பதான் எனக்குக் கபிலர் ஞாபகம் வந்துது. இயற்கையா நடந்தாலும் செயற்கையா நடந்தாலும், போதையுள்ள பானம் உண்டாகுற எந்த வேலையும் தயாரிப்புதானாம். அப்ப அந்தப் பாறைச் சுனைக்கும் லைசென்ஸ் வாங்கியிருக்கணும்.

நம்ம ஊர்ல நாவல்பழப் பானையைத் தேடி எந்த அதிகாரியும் வரலை. சட்டப்படி குற்றம், நடைமுறையில கண்டுக்கலை. பம்பாய் பக்கம் அப்படி விடலை. அந்தக் கதையைச் சொல்லியாகணும், ஏன்னா அது நமக்குத் தெரிஞ்ச மரத்தைப் பத்தினது.

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை'ன்னு நம்ம பழமொழி. சும்மா சொன்னது இல்லை. இலுப்பைப் பூ சதைப்பத்தா இருக்கும், காயவச்சா பாதிக்கு மேல இனிப்புதான். பங்குனி, சித்திரையில விடியக்காலம் பொலபொலன்னு கொட்டும். நாம இங்க இலுப்பையை எண்ணெய்க்கும் கோயில் விளக்குக்கும் வச்சுக்கிட்டோம். மத்திய இந்தியாவுலயும் குஜராத் பக்கமும் இருக்கிற ஆதிவாசிகளுக்கு அதோட ஒண்ணுவிட்ட அண்ணன் மரமான மஹுவாதான் எல்லாமே. அந்தப் பூவைப் பொறுக்கிச் சேர்த்து வச்சுக்கிட்டா பஞ்சத்துல சோறு, மாட்டுக்குத் தீனி, விசேஷத்துக்கு மது. காட்டுல கிடைக்குது, காசு கிடையாது. காசு இல்லாம மது கிடைச்சா அரசாங்கக் கடையில எவன் வாங்குவான்? பம்பாய் அரசாங்கம் 1892ல மஹுவா சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்துது. தாணா, கொலாபா ஜில்லாக்கள்ல பூவைச் சேர்த்து வைக்கவும் விக்கவும் எடுத்துக்கிட்டுப் போகவும் கட்டுப்பாடு. மதுவுக்கு இல்லைங்க, பூவுக்கு. பஞ்சகாலச் சோத்துக்கு.

அப்புறம் ஆதிவாசிங்க கடையிலதான் குடிச்சாங்க. கடைக்காரன்கிட்டக் கடன் வச்சாங்க, நிலம் போச்சு. 1922ல தெற்கு குஜராத்துல தேவி இயக்கம்னு ஒண்ணு எழுந்துது. சாமியாடிகள் மூலமா தேவி பேசுறான்னு சொல்லி, ஊர் ஊரா கூட்டம் கூடி, சாராயத்தையும் கள்ளையும் விடுறோம்னு சத்தியம் பண்ணாங்க. சாராய வியாபாரிங்ககிட்ட வேலைக்கும் போக மாட்டோம்னாங்க. வெளியில இருந்து தலைவர் யாரும் வந்து சொல்லிக் கொடுத்தது இல்லை. தங்களோட சொந்த மதுவையே விட்டாங்க. ஏன்னா அதுக்குள்ள அது அவங்களோடது இல்லைன்னு ஆயிடுச்சு.

இங்க நம்ம பக்கமும் அதே காலத்துல, 1921ல, ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல். பெரியார் கைதானதும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் மறியலைக் கையில எடுத்தாங்க. பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்ச்சதும் அந்தப் போராட்டத்துலதான். தென்னை வளர்க்கிறவன் எனக்கு அதைப் படிக்கவே கை நடுங்குது. ஒரு மரம் காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்! ஆனா கள்ளுக்கடை எத்தனை வீட்டைச் சாய்ச்சிருந்தா ஒரு மனுஷன் அந்த முடிவுக்குப் போவான்னும் யோசிக்கணும்.

ஆயாவோட அப்பா கடையில குடிச்சவர்தான். பானையில இருந்து வந்த அரைச் சொம்பால அவர் கெட்டுப் போகலை. சந்தைக்குப் போற வழியில கடை. கடலைக்காய் வித்த காசு கடையிலயே தீர்ந்துடும். ஒரு வருஷம் விதைக்கடலையே போச்சு. அம்மாவை அடிப்பாரு. ஆயா இதைச் சொல்லும்போது குரல் ஏறாது, எறங்காது. மாடு விலை சொல்ற மாதிரி சொல்லுவா. "அது வேற கண்ணு, இது வேற. பானை வேற, கடை வேற. பானையில என்ன இருக்குன்னு எங்கம்மாவுக்குத் தெரியும், எங்கப்பனுக்கு எவ்வளவு தாங்கும்னும் தெரியும். கடைக்காரனுக்குக் காசு மட்டும்தான் தெரியும்."

ராஜாஜி சேலத்துல வக்கீலா இருந்தவரு. திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமம் நடத்தினப்ப, மதுவிலக்குக்குன்னே 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை போட்டாரு. கல்கியும் அதுல வேலை பார்த்தாரு. 1937ல ராஜாஜி பிரதமரானதும் (அப்ப மாகாண முதல்வரைப் பிரதமர்னுதான் சொல்லுவாங்க) அக்டோபர் 1ஆம் தேதி முதல் மதுவிலக்கு. மாகாணம் முழுக்க இல்லை, நம்ம சேலம் ஜில்லாவுல மட்டும் முதல்ல. அன்னைக்குச் சேலம் ஜில்லான்னா இன்னைக்கு இருக்கிற தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. அப்புறம் சித்தூர், கடப்பை, வட ஆற்காடுன்னு ஒவ்வொண்ணா சேர்த்தாங்க. நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானம் மதுவுல இருந்துதான் வந்துக்கிட்டிருந்துது. அந்த ஓட்டையை அடைக்க 1939ல விற்பனை வரியைக் கொண்டு வந்தாங்க. இன்னைக்குக் கடையில நீங்க கட்டுற வரிக்குத் தாத்தா அது.

அந்த அக்டோபர்ல ஆயாவுக்குப் பன்னெண்டு வயசு. தண்டோரா போட்டாங்களாம், கடை மூடியாச்சு, இனி எவனும் காய்ச்சக் கூடாது, ஊறல் போடக் கூடாதுன்னு. அவங்கம்மா அன்னைக்குச் சாயங்காலம் உமிக்குள்ள இருந்த பானையை எடுத்துட்டுப் போய் எருக்குழியில கவுத்துட்டாங்க. யாரும் கேட்கலை, எந்தப் போலீசும் வரலை. "கடையை மூடிட்டாங்கல்ல, அப்ப என் பானையும் வேணாம்"னு சொன்னாங்களாம். அந்த வருஷம் தீபாவளிக்கு முதல்முறையா வீட்டுல எல்லாருக்கும் துணி எடுத்தாங்க. ராஜாஜி மத்த விஷயத்துல என்ன பண்ணாரு, ஏது பண்ணாருன்னு ஆயாவுக்குத் தெரியாது. கடைசி வரைக்கும் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடுவா.

மதுவிலக்கைப் பத்தி யாராவது கிண்டலா பேசினா எனக்குக் கோபம் வர்றது இதனாலதான். அதே சமயம் முழுசா அதுக்கு வக்காலத்து வாங்கவும் என்னால முடியலை. ஏன்னா அடுத்து நடந்ததும் எங்க மலையடிவாரத்துலதான்.

1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கள் இறக்கினவங்க பாதிப்பேர் பதநீருக்கு மாறினாங்க. கலயத்துல சுண்ணாம்பு தடவினா ஈஸ்ட்டு வேலை செய்யாது, கள் பதநீராவே நிக்கும். மீதிப்பேர் கூலிக்குப் போனாங்க. ஆனா குடிக்கிறவன் வாய் சும்மா இருக்கலை. பழம் எப்ப பழுக்கும், ஏழு நாள் எப்ப ஆகும்னு காத்திருக்கிற சரக்கு, ஒளிச்சு விக்கிறவனுக்கு ஆகாது. கொஞ்சத்துல அதிகக் காரம் இருக்கணும், தூக்கிட்டு ஓடத் தோதா இருக்கணும். அதனால ஊறினது போயி வடிச்சது வந்துது. எங்க பக்கம் வெள்வேல மரம் ஜாஸ்தி. அந்தப் பட்டையையும் வெல்லத்தையும் ஊறப்போட்டுக் காய்ச்சினதுதான் பட்டைச் சாராயம். ஓடைக்கரையில புதைச்ச பேரல்ல அழுகின வாழைப்பழமும் விழும், கடுக்காயும் விழும், சீக்கிரம் பொங்கணும்னு நவச்சாரமும் விழும். நான் சின்னப் பையனா இருந்தப்ப மரத்துல பட்டை உரிச்ச காயம் பார்த்திருக்கேன், மனுஷன் உயரத்துக்குச் சுத்தி உரிச்சிருப்பாங்க. அந்த மரம் அடுத்த கோடையில பட்டுப் போகும்.

இதுல அடுப்பங்கரைக்கு வேலையே இல்லை. யார் காய்ச்சினா, என்ன போட்டான்னு குடிக்கிறவனுக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் கதையை வேகமாச் சொல்லிடலாம், உங்களுக்கும் தெரிஞ்சதுதான். 1971ல மதுவிலக்கைத் தளர்த்தினாங்க, 1974ல திரும்பப் போட்டாங்க, 1981ல மறுபடி திறந்தாங்க. 1983ல டாஸ்மாக் கம்பெனி வந்துது. 1987ல கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. நடுவுல மலிவுச் சாராயம் வந்து 1991ல போச்சு. 2003ல சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கிச்சு. கள்ளுக்குத் தடை இன்னைக்கு வரை இருக்கு, பக்கத்துல கேரளாவுலயும் புதுச்சேரியிலயும் விக்கிது. 1937ல போட்ட சட்டம்தான், திருத்தத் திருத்த இன்னும் ஓடுது. அந்தச் சட்டத்துக்குள்ளயே ஓட்டை போட்டுக் கடை திரும்பி வந்துடுச்சு. 2023-24ல டாஸ்மாக் மூலமா அரசாங்கத்துக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல. எருக்குழியில கவுத்த பானை மட்டும் திரும்பலை.

கடையில அதிகம் ஓடுறது பிராந்தி. பிராந்தின்னா என்னங்க? பழ ஒயினைக் காய்ச்சி வடிச்சது, அதுவும் குறிப்பா திராட்சை. நம்ம ஊர்ல பிராந்தின்னு விக்கிறதுல பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகுல எடுத்த ஸ்பிரிட்டு, கலரும் வாசனையும் சேர்த்தது. பழத்தோட பேர் இருக்கு, பழம் இல்லை.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல 60 பேருக்கும் மேல செத்துப் போனாங்க. அதுக்கு முந்தின வருஷம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பம். கல்வராயன் மலையைப் பார்த்துக்கிட்டு வளர்ந்தவங்களுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்த ரெண்டு இடத்துலயும் உயிரை எடுத்தது மெத்தனால். அதை டி.வி.யில 'கள்ளச்சாராயம்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டாங்க. கேட்கிறவங்க ஏதோ பானையில தப்பா ஊறிடுச்சுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பழம் ஊறினா மெத்தனால் துளிதான் உண்டாகும். ஆளைக் கொல்ற அளவு வந்தது தொழிற்சாலைக்குப் போக வேண்டிய ரசாயனத்தை வாங்கித் தண்ணி கலந்து வித்ததால. உடம்புக்குள்ள அது ஃபார்மிக் அமிலமா மாறி முதல்ல கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. ஊறலும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது, வெறும் வியாபாரம். அதுக்கப்புறம் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரைக்கும் வச்சிருக்காங்க. வைக்கட்டும், வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் நடுவுல பானை ஒரே ஒரு இடத்துல உயிரோட இருக்கு, நாட்டு மருந்துக் கடையில. திராட்சாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் பாட்டிலை எடுத்து லேபிளைப் படிங்க, தானாக உண்டான ஆல்கஹால் இவ்வளவு சதவீதம்னு போட்டிருக்கும். 12 சதவீதம் வரை கூட இருக்கும், அது பீரை விட அதிகம். காட்டாத்திப் பூவைப் போட்டுப் புளிக்க வைக்கிறது அவங்க பழைய முறை. பிள்ளை பெத்தவளுக்கு ஆயாவோட அம்மா கொடுத்த ஒரு மடக்குதான், இப்ப மூடி போட்டு அளவுக் கப்போட வருது.

மத்த மாநிலங்கள் வேற வழி பார்க்குறாங்க. கோவா முந்திரிப்பழ ஃபெனிக்கு 2009லயே புவிசார் குறியீடு வாங்கிட்டாங்க. மத்தியப் பிரதேசத்துல ஆதிவாசிங்க காய்ச்சுற மஹுவாவைப் பாரம்பரிய மதுன்னு பேர் கொடுத்து விக்க வழி பண்ணிட்டாங்க. 1892ல எந்தப் பூவைப் பொறுக்கக் கூடாதுன்னாங்களோ அதே பூ. கேரளாவுல 2022ல பழங்கள்ல இருந்து வீரியம் கம்மியான ஒயின் தயாரிக்கச் சின்ன ஆலைகளுக்கு உரிமம் தரலாம்னு விதி கொண்டு வந்தாங்க. இங்கயும் அது மாதிரி வரணும்னு விவசாயிங்க சில பேர் பேசுறாங்க. மாம்பழம் கிலோ அஞ்சு ரூபாய்க்குப் போற வருஷம் தோப்புக்காரன் வேற என்னதான் பேசுவான்?

என்கிட்டக் கேட்டா எனக்கு ரெண்டு மனசு. உரிமம் வந்தா அது யாருக்கு வரும்? ஸ்டீல் தொட்டியும் லேப் பரிசோதனையும் வைக்கக் காசு இருக்கிறவனுக்கு. அதுவும் இன்னொரு கடைதான். வீட்டுக்கு ரெண்டு பானைன்னு அனுமதி கொடுத்தா, இன்னைக்கு இருக்கிற குடியில அதை அடுப்பங்கரைக்காரங்க கையிலயே ஆம்பளைங்க விட்டு வைப்பாங்களான்னும் தெரியலை. எங்க தெருவுலயே சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பேச முடியாத வீடு மூணு இருக்கு. அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்டப் போய் ஏழு நாள் ஊறின நாவல்பழத்தோட பெருமையை நான் பேச முடியுமா? அவங்க கேட்கிறது 1937ல ஆயாவோட அம்மா கேட்ட அதே ஒண்ணுதான், கடையை மூடு.

செய்முறை கேட்ட சிநேகிதர்களுக்கு நான் காடிதான் கொடுத்து அனுப்புறேன். நாவல் காடி போடுறது வயித்துக்கும் நல்லது, சாலட்ல ஊத்தினா பட்டணத்துப் பிள்ளைங்களுக்கும் பிடிக்குது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. எந்தப் பழமும் ஆல்கஹாலைத் தாண்டாம காடி ஆகாது. நடுவுல அந்தச் சில நாள் பானையில இருக்கிறதுக்குச் சட்டத்துல என்ன பேருன்னு சேலத்து வக்கீல் சிநேகிதரைக் கேட்டேன். மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "அந்த நாலு நாள் எனக்குப் போன் பண்ணாதீங்க"ன்னாரு.

இந்த வருஷம் ஏரிக்கரையில எட்டு நாவல் மரம்தான் மிச்சம். ரோடு அகலப்படுத்துறதுக்கு மூணு போயிடுச்சு. ஆடி பொறக்கிறதுக்குள்ள வந்தீங்கன்னா பழம் தின்னலாம், வர்றப்ப உப்பு ஒரு பொட்டலம் எடுத்துக்கிட்டு வாங்க.